கிளியரா, எக்ஸ்பிளிசிட்டா, அன்ஆம்பிகுவஸா? ஆங்கிலத்தில் 'தெளிவாக' என்று எழுத எந்தச் சொல்லை எடுப்பது

ஆபீஸ் மெயிலில் 'கிளியர்' என்ற சொல் ஒரே பத்தியில் மூன்று தடவை வந்துவிட்டால் கை தானாக வேறு சொல் தேடும். தேடினால் எக்ஸ்பிளிசிட், அன்ஆம்பிகுவஸ், அன்இக்விவக்கல், லூசிட், பிளெயின், கேட்டகாரிக்கல், ப்ரிசைஸ் என்று வரிசையாக வந்து நிற்கும், அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் நேரே 'தெளிவான' என்றே போட்டிருக்கும். சரி, எல்லாம் ஒன்றுதானே என்று கொஞ்சம் கெத்தாகத் தெரிவதை எடுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். படிக்கிறவர் ஆங்கிலத்தில் புழங்குகிறவராக இருந்தால் அந்த ஒரு சொல்லில் நீங்கள் நினைக்காத ஒரு குற்றச்சாட்டையோ, வாக்குறுதியையோ, சில சமயம் ஒரு அசட்டு ஜோக்கையோ படித்துவிடுவார்.

இதைப் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்: ரெஸ்யூமே, வாடிக்கையாளருக்குப் போகும் மெயில், ஒப்பந்தம் அல்லது பாலிசி மாதிரியான ஆவணம். மூன்றுக்கும் ஒரே சொல் பொருந்தாது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதல் கேள்வி, எதனுடைய தெளிவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பது. படிக்கிறவருக்குப் புரிகிறது என்பது ஒரு வகை. வாக்கியத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் எடுக்க முடியும் என்பது இன்னொரு வகை. சொல்ல வேண்டியதை ஊகத்துக்கு விடாமல் வாய்விட்டுச் சொல்லியாயிற்று என்பது மூன்றாவது. சொல்கிறவர் மழுப்பாமல் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று தன் நிலையைச் சொல்லிவிட்டார் என்பது நான்காவது. கிளியர், அன்ஆம்பிகுவஸ், எக்ஸ்பிளிசிட், அன்இக்விவக்கல் என்ற நாலும் இதே வரிசையில் இந்த நாலு வகைக்கு உரியவை. இந்த ஒரு விஷயம் மனசில் நின்றால் கீழே உள்ளதில் பாதியைப் படிக்காமலே தாண்டிவிடலாம்.

இரண்டாவது, அந்தச் சொல்லை 'இல்லை' என்று மறுத்தால் பழி யார் தலையில் விழுகிறது. மூன்றாவது, அந்தச் சொல்லுக்கு வேறு வேலை ஏதாவது இருக்கிறதா, அது உங்கள் வாக்கியத்துக்குள் வந்து குழப்புமா. நான்காவது எடை: ஒரு மீட்டிங் மினிட்ஸில் போடக்கூடிய சொல்லா, கோர்ட்டுக்குப் போகிற சொல்லா.

இரண்டாவதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் மற்றவை தானாகப் புரியும். வாடிக்கையாளர் கேட்டது ஒன்று, உங்கள் டீம் செய்தது ஒன்று. 'நீங்கள் கொடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷன்...' என்று விளக்கம் எழுத உட்காருகிறீர்கள்.

'வாஸ் நாட் கிளியர்' என்றால், கொடுத்தீர்கள், எங்களுக்குப் புரியவில்லை. பழி பாதிப் பாதி. எங்கள் புத்தி கொஞ்சம் மந்தம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

'வாஸ் நாட் எக்ஸ்பிளிசிட்' என்றால், அந்தக் குறிப்பிட்ட விஷயத்தை நீங்கள் சொல்லவே இல்லை. நாங்களாக ஊகித்தோம்.

'வாஸ் ஆம்பிகுவஸ்' என்றால், சொன்னீர்கள், எங்களுக்குப் புரியவும் செய்தது, ஆனால் அதை இரண்டு விதமாகப் படிக்கலாம், நாங்கள் ஒரு விதமாகப் படித்தோம். இது யாரையும் பெரிதாகக் காயப்படுத்தாது, பழி வாக்கியத்தின் மேலேயே நின்றுவிடும்.

'வாஸ் இக்விவக்கல்' என்றால் கதை கந்தல். பிற்பாடு தப்பித்துக்கொள்வதற்காக வேண்டுமென்றே இரண்டு பக்கமும் பேசி வைத்தீர்கள் என்கிற வாடை அதில் உண்டு. 'இக்விவக்கேட்' என்ற வினைச்சொல்லே மழுப்புவது, நழுவுவது என்ற பொருளில் புழங்குவதுதான். அடுத்த வருட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய வாடிக்கையாளருக்கு இதை எழுதாதீர்கள்.

நாலு சொல்லும் ஒரே வாக்கியத்தில் ஒரே இடத்தில் உட்காருகின்றன. போய்ச் சேருகிற சேதி நாலு.

## கிளியர்

பெரும்பாலான இடத்துக்கு இதுவே போதும். மூன்று தடவை வந்துவிட்டதே என்று பதறாதீர்கள். சொல்லை மாற்றுவதைவிட இரண்டு இடத்தில் அதைத் தூக்கிவிடுவது நல்லது. 'டு பி கிளியர்' என்று தொடங்கும் வாக்கியத்திலிருந்து அந்த மூன்று சொல்லை எடுத்துப் பாருங்கள், வாக்கியம் கொஞ்சமும் வாடாது.

இதன் மறைமுகச் செலவு, யாருக்குத் தெளிவு என்பதை அது சொல்வதே இல்லை. இதற்கு ஒரு தேசத்தையே உதாரணமாகக் காட்டலாம். கனடாவிலிருந்து கியூபெக் மாகாணம் பிரிவதா என்று 1995-இல் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 49.42 சதவீதம், அவ்வளவு நெருக்கம். வாக்குச்சீட்டில் இருந்த கேள்வியோ கூட்டாண்மை யோசனை, ஒரு மசோதா, ஒரு ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு நீண்டது. 1998-இல் கனடா உச்ச நீதிமன்றம், பிரிவினைப் பேச்சுவார்த்தை தொடங்க வேண்டுமானால் 'கிளியரான கேள்விக்குக் கிளியரான பெரும்பான்மை' வேண்டும் என்றது. 2000-இல் அதற்கென்று ஒரு சட்டமே வந்தது, பெயரும் கிளாரிட்டி ஆக்ட். அந்தச் சட்டத்தில் எத்தனை சதவீதம் இருந்தால் கிளியரான பெரும்பான்மை என்று எண் எதுவும் கிடையாது. அதை நாடாளுமன்றம் அப்போது பார்த்து முடிவு செய்யும். தெளிவுக்காகப் போட்ட சட்டத்தில் 'தெளிவு' எவ்வளவு என்பது திறந்தே கிடக்கிறது. அரசியலில் அப்படி விட்டு வைப்பதற்குக் காரணம் இருக்கலாம், உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது.

அப்புறம் நம் ஊர் ஆங்கிலத்தில் 'கிளியர்' செய்யாத வேலை இல்லை. பரீட்சை கிளியர் ஆகும், செக் கிளியர் ஆகும், டியூஸ் கிளியர் பண்ணுவோம், டவுட் கிளியர் பண்ணுவோம், டிராஃபிக் கிளியர் ஆகும். 'ப்ளீஸ் கிளியர் திஸ் பை டுடே' என்று அக்கவுன்ட்ஸுக்கு ஒரு வரி போனால் பணம் கட்டச் சொல்கிறீர்களா, ஒப்புதல் கேட்கிறீர்களா, பட்டியலிலிருந்து நீக்கச் சொல்கிறீர்களா என்று அவர் உங்களுக்கு போன் போட வேண்டும்.

தொனியும் ஒரு விஷயம். 'இஸ் தட் கிளியர்?' என்பது ஹெட்மாஸ்டர் பிரம்போடு கேட்கிற கேள்வி. அதே அக்கறையை 'லெட் மீ நோ இஃப் எனிதிங் இஸ் அன்கிளியர்' என்று எழுதினால் பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடுகிறது, எதிராளி தயங்காமல் கேட்பார்.

## அன்ஆம்பிகுவஸ்

ஒன்றுக்கு மேல் அர்த்தம் எடுக்க இடம் இல்லை என்பது மட்டுமே இதன் பொருள். சுலபமாகப் புரியும் என்று இது சொல்லவே இல்லை. ஒரு கணினி நிரல் எழுதினால் இயந்திரம் அதை ஒரே விதமாகத்தான் படிக்கும், அது அன்ஆம்பிகுவஸ். ஆறு மாதம் கழித்து எழுதியவரே திறந்து பார்த்தால் தலையும் புரியாது வாலும் புரியாது.

எதிர்த்திசையில் ஒரு பழைய வழக்கு உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. பம்பாயிலிருந்து 'பியர்லெஸ்' என்ற கப்பலில் வரும் சூரத் பருத்தி 125 பேல் (பொதி) விற்பதாக ஒப்பந்தம். படித்தால் ஒரு குழப்பமும் இல்லை, இரண்டு தரப்புக்கும் நன்றாகவே புரிந்தது. ஆனால் பம்பாயிலிருந்து 'பியர்லெஸ்' என்ற பெயரிலேயே இரண்டு கப்பல்கள் கிளம்பின, ஒன்று அக்டோபரில், இன்னொன்று டிசம்பரில். வாங்கியவர் மனசில் அக்டோபர் கப்பல், விற்றவர் அனுப்பியது டிசம்பர் கப்பலில். 1864-இல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வாங்கியவர் ஜெயித்தார், சரக்கை ஏற்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் கிளியர், இருவருக்கும் சேர்த்து ஆம்பிகுவஸ். 'கிளியராகத்தானே எழுதியிருக்கிறேன்' என்று யாராவது சண்டைக்கு வந்தால் இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

நம் மெயில்களிலும் இப்படிப் பியர்லெஸ்கள் நிறைய மிதக்கின்றன. 05/06 என்று தேதி போட்டால் இங்கே ஜூன் 5, அமெரிக்காவில் மே 6. 'பைவீக்லி' என்றால் வாரத்துக்கு இரண்டு தடவையும் உண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையும் உண்டு. 'டேபிள் தி மேட்டர்' என்றால் லண்டன்காரர் விஷயத்தை விவாதத்துக்கு எடுப்பார், அமெரிக்கர் ஒத்திப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். இந்த மாதிரி இடத்தில் திருத்தம் கேட்கும்போது 'அன்ஆம்பிகுவஸ்' சரியான சொல்: 'ப்ளீஸ் யூஸ் அன் அன்ஆம்பிகுவஸ் டேட் ஃபார்மட்' என்றால் மாதத்தை எழுத்தில் போடச் சொல்கிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும். 'கிளியர் டேட் ஃபார்மட்' என்று கேட்டால் எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள்.

விமானத் துறை இந்தச் சொல்லை உயிர் விஷயமாகவே பார்க்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். பல காரணங்களில் ஒன்று, டேக்-ஆஃப் என்ற சொல் அங்கே பட்ட பாடு. அந்த இரண்டில் ஒன்றான கேஎல்எம் நிறுவன விமானத்திலிருந்து 'வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்' என்றார்கள். கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எடுத்துக்கொண்டார்கள், விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. கோபுரம் 'ஓகே' என்று ஆரம்பித்துச் சொன்ன பதிலில் 'காத்திருங்கள்' என்ற பகுதி ரேடியோ இரைச்சலில் அமுங்கிப்போனது. அதன் பிறகு விதி இறுகியது: டேக்-ஆஃப் என்ற சொல்லை அதற்கு அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்ததை ரத்து செய்யும்போதும்தான் வாயில் எடுக்கலாம், மற்ற எல்லா இடத்திலும் 'டிபார்ச்சர்'. அங்கே யாரும் நல்ல ஆங்கிலம் தேடவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு வேலை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

செலவு என்ன? முதலாவது, கொஞ்சம் கனம். பக்கத்து சீட்டுக்காரருக்கு அனுப்பும் சாட்டில் போட்டால் சட்டத்துறை நோட்டீஸ் மாதிரி இருக்கும். இரண்டாவது, 'எங்கள் டாக்குமென்ட் அன்ஆம்பிகுவஸ்' என்று நீங்களே சொல்லிக்கொண்டால் அது சவால். யாராவது ஒரு வரியை இரண்டாவது விதமாகப் படித்துக் காட்டினால் போச்சு. மூன்றாவது, 'வெரி அன்ஆம்பிகுவஸ்' என்பது ஒட்டாது. அர்த்தம் ஒன்று அல்லது ஒன்றுக்கு மேல், நடுவில் 'ரொம்ப' கிடையாது.

## எக்ஸ்பிளிசிட்

ஊகத்துக்கு விடாமல் சொல்லில் போட்டுச் சொல்வது. இதற்கு எதிர் 'இம்ப்ளிசிட்', அதாவது சொல்லாமல் புரிந்துகொள்வது. இம்ப்ளிசிட்டான விஷயம் ஆம்பிகுவஸாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் டிக்கெட் எடுப்பேன் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அதில் இரண்டாவது அர்த்தமும் இல்லை.

1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. ஒருவர் 'நூறு டன் எண்ணெய்' விற்பதாக ஒப்புக்கொள்கிறார். என்ன எண்ணெய் என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை, ஆகவே ஒப்பந்தம் செல்லாது. அதே பிரிவின் இன்னொரு உதாரணத்தில் அதே நூறு டன் எண்ணெய்தான். ஆனால் விற்கிறவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே வியாபாரம் செய்கிறவர். இப்போது அது தேங்காய் எண்ணெய் ஒப்பந்தம், செல்லும். எழுத்தில் ஒரு சொல்கூடக் கூடவில்லை, எக்ஸ்பிளிசிட் ஆகவில்லை, ஆனாலும் அன்ஆம்பிகுவஸ் ஆகிவிட்டது.

இந்த வித்தியாசத்தின் மேலேயே ஒரு பெரிய சட்டம் நிற்கிறது. 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், சாதாரணத் தகவலுக்கு 'அன்ஆம்பிகுவஸ்' சம்மதம் போதும் என்கிறது, பெட்டியில் நீங்களே டிக் போட்டால் சரி. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டியும், பேசாமல் இருந்துவிடுவதும் சம்மதம் ஆகாது. உடல்நலம், மதம், அரசியல் கருத்து மாதிரி நுட்பமான தகவலைச் சம்மதத்தின் பேரில் எடுப்பதானால் 'எக்ஸ்பிளிசிட்' சம்மதம் வேண்டும் என்று ஒரு படி ஏற்றிக் கேட்கிறது. நம் 2023-ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்துக்குப் போட்டிருக்கும் அடைமொழிகளில் 'அன்ஆம்பிகுவஸ்' உண்டு, அந்த இடத்தில் 'எக்ஸ்பிளிசிட்' இல்லை. பாலிசி டாக்குமென்ட் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கம்பெனி எதற்குக் கட்டுப்படுகிறது என்பதே மாறிப் போகும்.

இனி அந்த இன்னொரு அர்த்தம். இசை ஆல்பத்தின் மேல் 'எக்ஸ்பிளிசிட் கன்டென்ட்' என்று கறுப்பு வெள்ளையில் ஒட்டுகிறார்களே, அதுதான். பாட்டு ஆப்களில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி எழுத்தாகவும் வரும். 'எக்ஸ்பிளிசிட்' என்பது படம், வீடியோ, காட்சி, கன்டென்ட் என்ற சொற்களுக்கு முன்னால் வந்தால் ஆபாசம் என்ற அர்த்தம் முந்திக்கொள்ளும். 'ப்ளீஸ் சென்ட் எக்ஸ்பிளிசிட் போட்டோஸ் ஆஃப் தி சைட்' என்று கான்ட்ராக்டருக்கு எழுதிவிடாதீர்கள், 'கிளியர்' போதும். இன்ஸ்ட்ரக்‌ஷன், பெர்மிஷன், கன்சென்ட், ரெஃபரன்ஸ் என்பவற்றோடு பயமில்லாமல் போடலாம். 'எக்ஸ்பிளிசிட்லி ஸ்டேட்டட்' என்பதிலும் வம்பு இல்லை.

எல்லாவற்றையும் எக்ஸ்பிளிசிட் ஆக்கினால் தெளிவு வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எந்த ஆப்பின் விதிமுறைப் பக்கத்தையாவது திறந்து பாருங்கள், எல்லாம் எழுதித்தான் இருக்கும், ஒருவர் படிக்க மாட்டார்.

சட்ட ஆவணத்தில் இதன் தம்பி ஒருவர் வருவார்: எக்ஸ்பிரஸ். ஒப்பந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சொல்லால் தெரிவித்த வாக்குறுதி எக்ஸ்பிரஸ், வேறு விதமாகத் தெரிவித்தது இம்ப்ளைட் என்று பிரிக்கிறது. அந்த மொழியில் எழுதும்போது எக்ஸ்பிரஸ் போடுங்கள். மற்ற இடத்தில் போட்டால் படிக்கிறவர் நினைப்பு வைகை எக்ஸ்பிரஸுக்குப் போகும்.

## அன்இக்விவக்கல், கேட்டகாரிக்கல்

இரண்டும் சொல்கிறவரின் நிலைப்பாட்டைப் பற்றியவை. செய்தித்தாளில் 'திட்டவட்டமாக மறுத்தார்' என்று படிக்கிறோமே, ஆங்கிலத்தில் அது 'கேட்டகாரிக்கலி டினைட்'.

அன்இக்விவக்கல் சாட்சியத்துக்கும் முடிவுக்கும் பொருந்தும். பருவநிலை மாற்றம் பற்றிய ஐநா குழுவான ஐபிசிசி 2007-இல் புவி வெப்பமடைவது அன்இக்விவக்கல் என்று எழுதியது. 2021-இல் ஒரு படி மேலே போய், காற்றுமண்டலத்தையும் கடலையும் நிலத்தையும் மனிதச் செயல் சூடாக்கியிருக்கிறது என்பதே அன்இக்விவக்கல் என்றது. சொல்லுக்குச் சொல் அளந்து, நாடுகளின் பிரதிநிதிகள் வரிவரியாக ஒப்புக்கொண்டு வெளியிடும் அறிக்கை அது. அங்கே 'கிளியர்' என்று போட்டிருந்தால் யாருக்குக் கிளியர் என்ற கேள்வி வரும். 'அன்இக்விவக்கல்' போட்டபின் எதிர்வாதத்துக்கு இடம் இல்லை என்று கதவைச் சாத்தியாயிற்று. சாஃப்ட்வேர் டீமின் ஒரு ஸ்பிரின்ட் ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு பெரிய கதவு தேவையா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேட்டகாரிக்கல் இன்னும் இறுக்கம்: நிபந்தனை இல்லை, விதிவிலக்கு இல்லை. 'வி கேட்டகாரிக்கலி கன்ஃபர்ம் தட் நோ டேட்டா வாஸ் லாஸ்ட்' என்று எழுதிய மறுநாள் ஒரு ஃபைல் காணவில்லை என்று தெரிந்தால், இறங்கி வரப் படிக்கட்டே இருக்காது. ஆகவே முழுசாகச் சோதித்து முடித்த விஷயத்துக்கு மட்டும் இது. டேட்டா டீமில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: புள்ளியியலில் 'கேட்டகாரிக்கல்' என்றால் ரத்த வகை, மாவட்டம் மாதிரி வகைகளாகப் பிரியும் தரவு. சர்வே அறிக்கையில் 'கேட்டகாரிக்கல் ரெஸ்பான்ஸ்' என்று உறுதியான பதிலைச் சொல்ல நினைத்து எழுதினால் படிக்கிறவர் வேறு எதையோ புரிந்துகொள்வார்.

மன்னிப்புக் கடிதத்துக்கு அன்இக்விவக்கல் போடலாமா? போடலாம், ஆனால் நம் நீதிமன்றங்களில் பழகிய சொல் 'அன்கண்டிஷனல் அப்பாலஜி'. பழகியதையே போடுங்கள், அங்கே புதுமைக்கு மதிப்பில்லை.

## லூசிட், பிளெயின்

லூசிட் பாராட்டுச் சொல். சிக்கலான விஷயத்தை ஒருவர் சுலபமாக விளக்கினால் அந்த விளக்கம் லூசிட். அடுத்தவரைப் பாராட்டப் பயன்படும், தன்னைத் தானே சொல்லிக்கொண்டால் நன்றாக இருக்காது. மருத்துவத்தில் இதற்கு வேறு வேலை: தலையில் அடிபட்டவர் கொஞ்ச நேரம் நினைவோடு பேசிவிட்டு மறுபடி மோசமாவதற்கு முந்தைய அந்த இடைவெளி 'லூசிட் இன்டர்வல்'. அதனால் வயதான பேராசிரியரிடம் 'யுவர் லெக்சர் வாஸ் லூசிட்' என்றால் மகிழ்வார், 'யூ வேர் வெரி லூசிட் டுடே' என்றால் வீட்டுக்குப் போய் டாக்டரிடம் காட்டலாமா என்று யோசிப்பார்.

பிளெயின் என்பது சொல்லாட்சியின் எளிமை. பிளெயின் இங்கிலீஷ் என்றால் அரசாங்கமும் வங்கியும் சாதாரண மனிதருக்குப் புரிகிற ஆங்கிலத்தில் எழுதுவது. 1979-இல் இங்கிலாந்தில் கிறிஸ்ஸி மாஹர் நாடாளுமன்றத்துக்கு எதிரே புரியாத அரசுப் படிவங்களைக் கிழித்துப் போட்டு இதற்கென ஒரு இயக்கமே தொடங்கினார். அமெரிக்காவில் 2010-இல் பிளெயின் ரைட்டிங் ஆக்ட் வந்தது. நம் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் கேட்கும் வாசகம் 'கிளியர் அண்ட் பிளெயின்' மொழியில் இருக்க வேண்டும், அதைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் பார்க்கவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் பிளெயினாக எழுதியது அன்ஆம்பிகுவஸ் என்று அர்த்தமில்லை. 'நூறு டன் எண்ணெய்' என்பதைவிட பிளெயினாக என்ன எழுதிவிட முடியும்? ஆளைப் பற்றிப் பேசும்போதும் ஜாக்கிரதை. ஒரு பெண்ணை 'பிளெயின்' என்றால் அழகு போதாது என்று பொருள். தோசைக்கு மட்டும் பயமில்லை.

## ஸ்பெசிஃபிக், ப்ரிசைஸ்

தெளிவு வேண்டும் என்று கேட்கிறவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியது இதுதான். 'பி மோர் கிளியர்' என்று ஜூனியரிடம் சொன்னால் வாக்கியத்தைத் திருப்பி எழுதிக்கொண்டு வருவார். 'பி மோர் ஸ்பெசிஃபிக்' என்றால் எந்த சர்வர், எந்த நேரம், எத்தனை பயனர்கள் என்று கொண்டு வருவார். ஸ்பெசிஃபிக் என்பது எது என்று சுட்டுவது, ப்ரிசைஸ் என்பது எவ்வளவு என்று அளப்பது. ப்ரிசைஸாக இருப்பது சரியாக இருக்கும் என்றில்லை. கடிகாரம் வினாடிவரை காட்டிக்கொண்டே பத்து நிமிடம் தப்பாக ஓடலாம்.

## ஒரே பார்வையில்

| சொல் | எதன் தெளிவு | எங்கே எடுபடும் | எங்கே உதைக்கும் |
|---|---|---|---|
| கிளியர் | படிக்கிறவரின் புரிதல் | அன்றாட மெயில், பயிற்சிக் குறிப்பு | ஒப்பந்தத்தில் அளவுகோலாக |
| அன்ஆம்பிகுவஸ் | வாக்கியத்தின் ஒற்றை அர்த்தம் | தேதி, அளவு, விதி, ரிக்வயர்மென்ட் | நட்பான சாட், சுயபுகழ் |
| எக்ஸ்பிளிசிட் | சொல்லில் போட்டது | சம்மதம், அனுமதி, உத்தரவு | படம், வீடியோ, கன்டென்ட் |
| அன்இக்விவக்கல் | மழுப்பாத நிலை | சாட்சியம், ஆதரவு, முடிவு | சின்ன விஷயம் |
| கேட்டகாரிக்கல் | விதிவிலக்கற்ற நிலை | மறுப்பு, உத்தரவாதம் | சோதிக்காத தகவல், புள்ளியியல் |
| லூசிட் | விளக்கும் திறன் | மதிப்புரை, பாராட்டு | ரெஸ்யூமே, முதியவர் |
| பிளெயின் | எளிய சொல்லாட்சி | பொதுமக்களுக்கான ஆவணம் | மனிதர்களை வருணிக்க |

## அந்த மூன்று இடங்கள்

ரெஸ்யூமேயில் இதில் எதையும் போடாதீர்கள். 'கிளியர் அண்ட் லூசிட் கம்யூனிகேட்டர்' என்ற வரியை எந்த எச்ஆரும் நம்புவதில்லை. அறுபது பக்க யூசர் மேனுவலைப் பன்னிரண்டு பக்கமாகச் சுருக்கினேன், சப்போர்ட்டுக்கு வரும் அழைப்பு குறைந்தது என்கிற மாதிரி உங்களுக்கு உண்மையான ஏதாவது ஒன்று இருந்தால் அதை எழுதுங்கள்.

வாடிக்கையாளர் மெயிலில் சந்தேகம் கேட்கும்போது 'ஆம்பிகுவஸ்' என்று சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்தாமல் இரண்டு அர்த்தத்தையும் எழுதிக் கேளுங்கள்: ஏழாவது பாயின்ட்டை இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம், உங்கள் எண்ணம் எது? இரண்டு அர்த்தத்தை உங்களால் எழுத முடியவில்லை என்றால் அது ஆம்பிகுவஸ் இல்லை, உங்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். அப்போது 'அன்கிளியர்' என்று எழுதுவதே நேர்மை.

ஒப்பந்தத்தில் அடைமொழியை நம்பாதீர்கள். 'கிளியர் நோட்டீஸ்' கொடுக்க வேண்டும் என்று எழுதுவதற்குப் பதில், எழுத்தில், இந்த முகவரிக்கு, 30 நாள் முன்னதாக என்று போட்டுவிட்டால் அடைமொழிக்கு வேலையே இல்லை. சட்டம் குறிப்பிட்ட சொல்லைக் கேட்கிற இடத்தில் மட்டும் அதே சொல்லை அப்படியே எடுத்துப் போடுங்கள், அழகுக்காக மாற்ற வேண்டாம்.

'ஆப்வியஸ்' பற்றிக் கேட்கிறவர்களும் உண்டு. அது விஷயத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்துகொண்டு எதிராளியின் புத்தியைப் பற்றிப் பேசும் சொல். இதுகூடத் தெரியாதா என்று அர்த்தம். 'கிளியர்லி' என்று வாக்கியத்தைத் தொடங்கினாலும் அதே கதைதான்: 'ஹீ எக்ஸ்ப்ளெயின்ட் இட் கிளியர்லி' என்றால் தெளிவாக விளக்கினார், 'கிளியர்லி, ஹீ எக்ஸ்ப்ளெயின்ட் இட்' என்றால் அவர் விளக்கினார் என்பது பார்த்தாலே தெரிகிறதே என்ற குத்தல். சொல் முன்னால் போனதும் குணம் மாறிவிடுகிறது.

கடைசியாக ஒரு எழுத்துப்பிழை விவகாரம். 'அன்இக்விவக்கபிளி' என்று இணையத்தில் நிறைய இடத்தில் பார்ப்பீர்கள், படித்தவர்களே எழுதுகிறார்கள். சரியான வடிவம் 'அன்இக்விவக்கலி'. சந்தேகமே இல்லை என்று அடித்துச் சொல்லும் வரியில் அந்தச் சொல்லே தப்பாக நின்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்.